திங்கட்கிழமையா, வியாழக்கிழமையா

செங்கல்
6 ஜனவரி 2025, திங்கள்

ரீத்தா,

உன் செருப்பு என் வீட்டு வாசலில் கிடக்கிறது. நீ போட்டுக்கொண்டு போனது என்னுடையது. என் கால் எட்டு, உன் கால் ஆறு. அதை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கோட்டுகால் வரைக்கும் எப்படித்தான் போய்ச் சேர்ந்தாய் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். கூப்பிட்டால் எடுப்பதில்லை. இவருடைய போனிலிருந்து கூப்பிட்டதற்கு, "அண்ணா, சொகமாத்தான் இருக்கேன், வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாயாம். அதனால்தான் கடிதம். இருபது வருஷம் ஒரே வார்டில் அட்டெண்டராக வேலை பார்த்தோம், ஒரே டப்பாவில் சோறு தின்றோம், ஒருநாளும் உனக்குக் கடிதம் எழுத வேண்டி வரவில்லை. தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்கிறார்.

நடந்ததை நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். திங்கட்கிழமை லைப்ரரி ஹாலில் வேகமான யோகா வகுப்பு, சூரிய நமஸ்காரமும் மற்றதும். வியாழக்கிழமை மெதுவான யோகா. தலையணை வைத்து, கண்ணுக்குத் துணி போட்டு, ஒரே இருப்பில் பத்து நிமிஷம் படுப்பது. உனக்குப் பிரஷர் கூடுதல், உறக்கம் கிடையாது, டியூட்டியிலேயே தலைசுற்றி விழுந்து மூன்று மாசமாக லீவில் இருக்கிறாய். அதனால் உன்னை வியாழக்கிழமை வரச் சொன்னேன். நீ படுத்தாய். பாதம் இரண்டும் வெளிப்பக்கமாக மலர்ந்து விழுந்தது, அப்படி விழுந்தால் உனக்கு இடுப்பு வலிக்கும். தொடையில் கட்டுகிற பெல்ட் என்னிடம் ஐந்துதான் உண்டு, ஆட்கள் ஏழு பேர். பையில் கட்டுத்துணி இருந்தது, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்கு நீ எழும்பி உட்கார்ந்து, பிடித்து இழுத்து, அலறி, நான் கத்தரிக்கோல் எடுத்து வருவதற்குள் ஹாலையே ஒரு வழி பண்ணிவிட்டாய். பக்கத்தில் படுத்திருந்த கிருஷ்ணம்மா பயந்துபோய் ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை.

ரீத்தா, பிப்ரவரி பத்தாம் தேதி உனக்கு ஃபிட்னெஸ் பரிசோதனை. அதில் பிரஷர் குறையாவிட்டால் லீவை இனி நீட்ட மாட்டார்கள், வேலை போய்விடும் என்று நீதானே சொன்னாய்? டாக்டர் சீட்டில் 'யோகா செய்யவும்' என்று மட்டும் எழுதினார். எந்த யோகா என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும், ஆறு மாசம் படித்து சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறேன். உனக்கு மெதுவானதுதான் சரி. வியாழக்கிழமை வா.

விலாசினி அக்கா


கோட்டுகால்
11 ஜனவரி 2025

திருமதி விலாசினி சதாசிவன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் செருப்பு பத்திரமாக இருக்கிறது. வலது கால் செருப்பில் வார் விட்டிருந்தது, என் மகன் டெல்வின் ஒட்டி வைத்திருக்கிறான்.

'அவ்வளவுதான் நான் செய்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். கால் பெருவிரலைக் கட்டுத்துணியால் சேர்த்துக் கட்டுவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? நாம் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை பேருக்குக் கட்டியிருப்போம்? நானூறு? ஐந்நூறு? வாய் திறக்காமல் நாடிக்கு ஒரு கட்டு, கைக்கு ஒரு கட்டு, கால் பெருவிரலுக்கு ஒரு கட்டு, அப்புறம் வெள்ளைத் துணி, அப்புறம் ஸ்ட்ரெச்சர். என் முகத்தில் துணி, என் மேல் வெள்ளைப் போர்வை, கால் வாசல் பக்கம், விரலில் கட்டு. இனி ஒரு மலர்வளையம் வைத்து, நாலு பேரை விட்டு ஜெபம் சொல்ல வைப்பதுதான் பாக்கி.

அன்றைக்கு மூன்று மாசத்தில் முதல் தடவையாக எனக்குக் கண் சொக்கியது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. கண் சொக்கி, உடம்பு இறங்கி, இது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் விரலில் துணி இறுகுகிறது. எந்த முடிச்சு என்று கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு ஒரே முடிச்சுதானே தெரியும்.

படுப்பு யோகா எனக்கு வேண்டாம். இங்கே தீபு என்று ஒரு பையன் பஞ்சாயத்து ஹாலில் பாட்டுப் போட்டு வேக யோகா சொல்லிக் கொடுக்கிறான். சேர்ந்துவிட்டேன். வியர்வை ஊற்றுகிறது. ஒருத்தரும் யார் காலையும் கட்டுவதில்லை.

இப்படிக்கு,
ரீத்தா பத்ரோஸ்


செங்கல்
15 ஜனவரி 2025

ரீத்தா மேடம் அவர்களுக்கு,

இருபது வருஷம் 'அக்கா, நீ நகரு, நீ தள்ளு, நீ போய் டீ வாங்கிட்டு வா' என்று சொன்னவளுக்கு இப்போது நான் 'தாங்கள்' ஆகிவிட்டேன். இருக்கட்டும். மரியாதை கிடைக்கிறபோது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டியது தப்பு. யோசிக்காமல் செய்தேன், மன்னித்துக்கொள். ஆனால் அதற்காக மெதுவான யோகாவே தப்பு என்று சொல்லாதே. டாக்டர் மாத்திரை தப்பாக எழுதினால் ஆஸ்பத்திரியை இடிப்பாயா?

தீபுவின் வகுப்பைப் பற்றி விசாரித்தேன். குதிக்கிறார்களாம். தலையைக் கீழே தொங்கப்போட்டு முப்பது எண்ணுகிறார்களாம். பிரஷர் உள்ளவள் தலையைத் தொங்கப்போடலாமா? அந்தப் பையனுக்கு வயசு இருபத்தி நாலு. அவனுக்கு வீட்டுப் படி இறங்குகிறதும் மலை இறங்குகிறதும் ஒன்றுதான். உனக்கு நாற்பத்தொன்பது, மறந்துவிடாதே. உன் பிரஷரை எழுதி அனுப்பு, காலையும் மாலையும்.

இங்கே என் நிலைமையையும் சொல்கிறேன். வியாழக்கிழமை வகுப்பில் ஏழு பேர் இருந்தது மூன்று பேர் ஆகிவிட்டது. 'விலாசினி டீச்சர் உயிரோட உள்ள ஆளுக்குக் கால் கட்டுகாளாம்' என்று பாறசாலை வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரி என் கையைப் பார்க்கிறாள். எனக்கு அழுகையாக வருகிறது. வேலையை விட்டுவிட்டு இதை நம்பித்தான் இறங்கினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுது. முடிச்சு இறுகியது, எழும்பினாய், சரி. நான் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது நீ 'அறுக்காத, அறுக்காத' என்று அலறினாய், அறுத்ததும் எழும்பி ஓடிவிட்டாய். கட்டு வேண்டாம் என்றால் அறுக்கச் சொல்ல வேண்டியதுதானே? எதற்கு அறுக்கக் கூடாது? அன்றைக்கிருந்து யோசிக்கிறேன், பிடி கிடைக்கவில்லை.

விலாசினி


கோட்டுகால்
22 ஜனவரி 2025

விலாசினி அக்கா,

பிரஷர் கேட்டாய். டெல்வின் வாங்கித் தந்த மெஷினில் பார்த்து எழுதுகிறேன். தீபுவின் வகுப்புக்குப் போன முதல் நாள் 150. இரண்டாம் நாள் 164. மூன்றாம் நாள் 142, நான் சந்தோஷப்பட்டு எல்லாரிடமும் சொன்னேன், மறுநாள் 170. வகுப்புக்குப் போகாமல் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய நாள் 144. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த ஞாயிற்றுக்கிழமை 168. இதில் என்ன விளங்குகிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தீபு சொல்கிறான், "ஆன்ட்டி, வெயர்த்தா எல்லாம் போவும்." பக்கத்து வீட்டு ஜினு சொல்கிறாள், அவளுடைய மாமியாருக்கு மெதுவாக மூச்சு விட்டே பிரஷர் குறைந்ததாம். டெல்வின் போனில் தேடிப் பார்த்து இரண்டும் நல்லது என்கிறான், இரண்டும் கெட்டது என்றும் போட்டிருக்கிறதாம். ஓடுவதா படுப்பதா என்று ஒரு மனுஷிக்கு இவ்வளவு குழப்பம் வருமா? வலை இழுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. இழுக்கும்போது இழுப்பார்கள், கரையேறினால் மணலில் சாய்ந்து கிடப்பார்கள்.

தீபுவின் வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. செய்துகொண்டே இருக்கும்போது மனசில் ஒன்றும் வருவதில்லை. கடைசி ஐந்து நிமிஷம் அவனும் படுக்கத்தான் சொல்கிறான். அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவேன்.

நீ மட்டும் என்ன? எல்லாரையும் படுக்க வைக்கிறாய். நீ என்றைக்காவது படுத்திருக்கிறாயா? விடியக்காலம் எழும்பி இருபத்தி நாலு சூரிய நமஸ்காரம் எடுக்கிறாய் என்று சதாசிவன் அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரித்தார். படுப்பு யோகா டீச்சர் படுத்து ஒருவரும் பார்த்ததில்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால், வள்ளத்தில் வைத்து நெஞ்சுவலி வந்து, கரை சேருமுன்னே உயிர் போய், என் வீட்டுக்காரரை நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நாம் இரண்டு பேரும் டியூட்டியில் இருந்தோம். நான் உள்ளே வந்தேன். நீ என் தோளைப் பிடித்து, "மக்கா, நீ இத செய்யாண்டாம், வெளிய போய் இரி, நான் பாத்துக்கிடுதேன்" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாய். ஊரில் உள்ள எல்லாருடைய புருஷனுக்கும் நான் துடைத்து, கட்டி, துணி மாற்றினேன். என் புருஷனுக்கு மட்டும் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவருக்கு முடிச்சுப் போட்டது நீ.

எங்கள் கடப்புறத்து மீன்பிடி ஊர்களில் பெட்டி மூடுமுன்னே காலில் உள்ள கட்டை அவிழ்க்க வேண்டும், பெண்டாட்டி அவிழ்க்க வேண்டும். கட்டோடு போனால் அங்கே எழும்பி நடக்க முடியாது என்று சொல்லுவார்கள். சர்ச்சில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் குனிந்து அவிழ்த்தேன். அவிழவில்லை. இழுத்தேன், இறுகியது. நகம் உடைந்தது. பூசை வைக்கிற அச்சன் காத்து நிற்கிறார். டெல்வின் எங்கேயோ போய் ஒரு பிளேடு வாங்கி வந்து அறுத்துவிட்டான். பெட்டியை மூடினார்கள்.

இப்போது நான் படுத்தால் என் விரல்கள் போர்வை நுனியில் முடிச்சு தேடுகின்றன. அதனால்தான் உறக்கம் இல்லை. அதனால்தான் அறுக்காதே என்று கத்தினேன். பதில் போதுமா?

ரீத்தா


செங்கல்
27 ஜனவரி 2025

ரீத்தா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் இவர் சோற்றில் உப்பு இல்லை என்று சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். நேற்று மத்தியானம் ஹாலைத் திறந்து, கதவைச் சாத்தி, தலையணை வைத்து, கண்ணுக்குத் துணி போட்டு, நானே படுத்தேன். இருபது நிமிஷம் படுப்பதாகக் கணக்கு. குக்கரை அணைத்தேனா என்று யோசனை வந்தது. அணைத்திருந்தேன். அப்புறம் கிருஷ்ணம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் ஒரு பயம், எதற்கு என்று தெரியாத பயம். எழும்பி மணியைப் பார்த்தால் நாலு நிமிஷம் ஆகியிருக்கிறது. இந்த லட்சணத்தில்தான் நான் ஊருக்கு ஓய்வு சொல்லிக் கொடுக்கிறேன். எது உனக்கு நல்லது என்று எனக்குத் தெரியும் என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. எனக்குத் தெரியாது.

பெல்ட் ஐந்துதான் இருந்தது என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. ஒரு சேலையை மடித்துத் தொடையில் சுற்றியிருக்கலாம். அப்படித்தான் மற்றவளுக்குச் செய்தேன். உன்னிடம் வந்தேன். நீ அசையாமல் கிடந்தாய். இருபது வருஷத்தில் உன்னை அசையாமல் நான் பார்த்ததே இல்லை. என் கை தானாகப் பைக்குள் போனது. துணியைக் கிழித்தது. முடிச்சுப் போட்டது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது நீ அலறின பிறகுதான். என் கைக்கு அசையாத உடம்பைக் கண்டால் வேறு என்ன செய்யத் தெரியும்? இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மீதி மூன்று பேரும் வரமாட்டார்கள்.

அந்தக் கதவு. உன்னைக் காப்பாற்றத்தான் வெளியே அனுப்பினேன் என்று இதுவரைக்கும் நினைத்திருந்தேன், எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அது இல்லை. நீ பக்கத்தில் நின்று அழுதால் என் கை நடுங்கும், வேலை நடக்காது, அதுதான் எனக்குப் பயம். என் பயத்துக்காக உன்னை வெளியே தள்ளினேன். பிறகும் கை நடுங்கியது. அதனால்தான் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, பலமாக இழுத்துக் கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று. அதை ஒருத்தி அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீடுகளில் அவிழ்க்கிறவர்கள் ஆண்கள், சுடுகாட்டில் வைத்து. நான் பார்த்ததில்லை.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, மக்கா.

அக்கா


கோட்டுகால்
1 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் கோபப்படலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கோபம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. டெல்வின் மேல் உண்டு. அவனுக்கு அன்று இருபது வயசு, அப்பனைப் புதைக்க நின்ற பிள்ளை, அவனை நான் என்ன சொல்ல? இந்த இரண்டு வருஷமும் அவன் என் முன்னால் பிளேடு எடுத்துச் சவரம் செய்வதில்லை. கடையில் போய்ச் செய்துகொள்கிறான். நான் அதை இந்த வாரம்தான் கவனித்தேன்.

தீபுவின் வகுப்பை நிறுத்திவிட்டேன். மூச்சு வாங்குகிறது. நீ சொன்ன மெதுவானதை வீட்டில் செய்து பார்த்தேன், படுத்த உடனே விரல் தொடங்கிவிடுகிறது. ஓடினாலும் சரியில்லை, படுத்தாலும் சரியில்லை. இன்று காலை 166. ஒன்பது நாள்தான் உண்டு. வேலை போனால் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் படுக்க வேண்டி வரும். அதுதான் எனக்குப் பயம். சம்பளத்தை விட அந்தப் பயம்தான் பெரிசு.

திங்கட்கிழமை வரவா, வியாழக்கிழமை வரவா? நீயே சொல். இல்லை, சொல்லாதே. நீ சொன்னால் நான் அதற்கு எதிராகத்தான் செய்வேன்.

ரீத்தா


செங்கல்
4 பிப்ரவரி 2025

ரீத்தா,

நீ சொன்னபடி எந்த நாள் என்று சொல்லப் போவதில்லை.

உன் கடிதத்தில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நாம் இரண்டு பேரும் இருபது வருஷம் அந்த முடிச்சைக் கட்டியிருக்கிறோம். ஒருநாளும், ஒரு தடவைகூட, அவிழ்த்துப் பார்த்ததில்லை. கட்டுவது நம் வேலை, அப்புறம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அது எப்படி அவிழும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் நேற்றுக் காலை அடுக்களையில் உட்கார்ந்து, என் கால் பெருவிரலில் நானே கட்டினேன். அன்றைக்குப் போட்ட மாதிரியே, கூடுதல் இரண்டு சுற்றோடு. பலமாக இழுத்து. அந்த நேரம் பார்த்து இவர் டீ கேட்டு உள்ளே வந்தார். வாசலில் நின்று, "எடீ... எடீ விலாசினி... நினக்கு எந்தா பற்றியது?" என்று மலையாளத்துக்குப் போய்விட்டார். பஸ் கண்டக்டராக இருந்து எத்தனையோ பிரேக் டவுன் பார்த்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டீ போட எழும்ப முடியாது, கால் கட்டியிருக்கிறது. அவர் எழும்ப வேண்டுமென்றால் நான் கை கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் நானும் உன்னைப் போலவே இழுத்தேன். இறுகியது. விரல் நீலமாகிவிட்டது. கத்தரிக்கோல் கேட்டேன், இவர் எடுத்துத் தரவில்லை, அவருக்கு நான் கத்தரிக்கோலால் என்ன செய்வேனோ என்று பயம். அப்புறம் இழுப்பதை விட்டுவிட்டு வெறுமனே இருந்தேன். காலைத் தளர்த்தினேன். தளர்த்தின பிறகு இரண்டு பெருவிரலும் தானாக ஒன்றை ஒன்று நெருங்கிப் படுத்தன. துணியில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. விரலில் இருந்து அந்த வளையம் அப்படியே நழுவி வந்துவிட்டது, முடிச்சு அவிழாமல்.

அவிழ்க்கிற வழியும் எனக்கு விளங்கியது. விரல் இரண்டையும் முதலில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். துணி தொய்யும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்புறம் நீள நுனியை விட்டுவிட்டுக் குட்டை நுனியைப் பிடித்து, உள்ளே தள்ள வேண்டும். இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். அன்றைக்கு உனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாருக்குக் காத்திருக்க நேரம் கிடைக்கும்?

ஆனால் நான் அதை அவிழ்க்கவில்லை. அந்த வளையத்தை முடிச்சோடு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நான் போட்ட முடிச்சு, நான் அன்று உன்னிடம் இருந்து பறித்த வேலை. அதை நீதான் செய்ய வேண்டும். இது அபசகுனம், துணியைத் தபாலில் அனுப்புகிற கிறுக்கி யாராவது உண்டா என்று இவர் சொல்கிறார். உனக்கும் அப்படித் தோன்றினால் அடுப்பில் போட்டுவிடு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

உன் அக்கா


கோட்டுகால்
11 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. உறையைத் திறந்ததும் துணி மடியில் விழுந்தது. நான் ஒரு சத்தம் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டேன். அது அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு துடைப்பக்குச்சியால் நானே வெளியே தள்ளி எடுத்தேன்.

மேசையில் வைத்து இழுத்தேன். இழுக்கக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய், தெரியும், ஆனாலும் என் கை இழுக்கத்தான் போகிறது. இறுகியது. எடுத்து வைத்துவிட்டேன். எட்டாம் தேதியும் அதே கதை. சேர்த்துப் பிடி என்கிறாய், எதைச் சேர்த்துப் பிடிக்க? வெறும் வளையத்தில் சேர்த்துப் பிடிக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து முன்ரூமில் உட்கார்ந்து மறுபடியும் தொடங்கினேன். டெல்வின் உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவனுக்கு என்ன துணி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "அம்மா, பிளேடு எடுக்கட்டா?" என்று கேட்டான்.

நான் சொன்னேன், "வேண்டாம் மக்கா. கைய இஞ்ச தா."

அவன் எதிரே உட்கார்ந்து இரண்டு கைப் பெருவிரலையும் வளையத்துக்குள் விட்டான். அக்கா, அவன் கைவிரல் அவனுடைய அப்பன் விரல் மாதிரியே இருக்கிறது, தடித்து, நகம் அகலமாக. இருபத்திரண்டு வருஷமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. "சேத்துப் பிடி" என்றேன். சேர்த்துப் பிடித்தான். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இழுக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜினு வீட்டு டிவியில் பூசை முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. துணி தொய்ந்தது. குட்டை நுனியைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அவிழ்ந்தது.

அவன் என் மடியில் தலை வைத்து அழுதான். "நான் அறுத்துட்டேன் அம்மா, நான் அறுத்துட்டேன்" என்று அதையே சொன்னான். நானும் அழுதேன். பிறகு அவன் மீன்கறி சூடாக்கப் போனான். நான் அப்படியே தரையில் சரிந்தேன். தலையணை இல்லை, கண்ணுக்குத் துணி இல்லை, கால் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அவன் வந்து எழுப்பும்போது மணி மூன்றரை. இரண்டு மணி நேரம் உறங்கியிருக்கிறேன்.

நேற்று பரிசோதனை. முதல் தடவை பார்த்தபோது 148. எனக்கு உயிர் போய்விட்டது. டாக்டர், "கொஞ்சம் இருங்கள்" என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். அதே பெஞ்சுதான். உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை 136. மூன்றாம் தடவையும் 136. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மார்ச் மூன்றாம் தேதி டியூட்டி.

கையெழுத்துப் போடும்போது, "யோகா செய்தீர்களா? எந்த மாதிரி யோகா?" என்று கேட்டார். வேகமானது இரண்டு வாரம் செய்தேன், பிரஷர் கூடியது. மெதுவானது ஒருநாள் செய்தேன், அலறிக்கொண்டு ஓடினேன். இதை அவரிடம் எப்படிச் சொல்ல? "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் எனக்குத் தெரியவில்லை எது குறைத்தது என்று. நாளைக்கு மறுபடியும் கூடினால் எதைச் செய்வது என்றும் தெரியவில்லை. விரல் நேற்றும் கொஞ்சம் போர்வையைத் தேடியது, ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது.

வருகிற வாரம் செருப்பு மாற்ற வருகிறேன். திங்கட்கிழமை வந்தால் உன்கூடக் குதிப்பேன், தலையைத் தொங்கப்போட மாட்டேன். வியாழக்கிழமை வந்தால் நீ படுக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நாலு நிமிஷத்தில் எழும்ப விடமாட்டேன். கிருஷ்ணம்மாவையும் வரச் சொல், உயிரோடு உள்ள என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

டியூட்டியில் சேர்ந்த பிறகு இனி யாருக்காவது கட்ட வேண்டி வந்தால், முடிச்சைத் தளர்த்தித்தான் கட்டுவேன். வெளியே பெஞ்சில் இருக்கிற வீட்டுக்காரிக்கு, எந்த நுனியைத் தள்ள வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து அனுப்புவேன்.

உன் துணியை இதே உறையில் திருப்பி வைத்திருக்கிறேன். துவைத்து, காய வைத்து, மடித்திருக்கிறேன். விரித்துப் பார் அக்கா, முழுசாக இருக்கிறது. எங்கேயும் அறுக்கவில்லை.

ரீத்தா